பார்க்காத நேரத்தில் எத்தனை சுற்று? சிறுகோளின் சுழற்சியை வெளிச்சத்தை வைத்து அளப்பது

தொலைநோக்கியில் சிறுகோள் ஒரு புள்ளியாகத்தானே தெரிகிறது, அது இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது என்று நொடிக் கணக்கு வரை எப்படிச் சொல்கிறார்கள், சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவரும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். இந்தத் துறையில் இருக்கும் அளவீடுகளில் பெரும்பங்கு 20 முதல் 40 செ.மீ. தொலைநோக்கிகளில், வேலை முடிந்து வந்து இரவில் கண்விழிப்பவர்கள் எடுத்தவை. வெளிச்சத்தை அளப்பது இதில் சுலபமான பாதி. நாம் பார்க்காத நேரத்தில் அந்தக் கல் எத்தனை முறை சுற்றியது என்று சரியாக எண்ணுவதுதான் கடினமான பாதி. துல்லியம் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது, தவறுகளும் அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் வெளிச்சம் ஏன் மாறுகிறது என்று பார்ப்போம். ஒரு செங்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, செங்கல்லை மெதுவாகச் சுழலவிடுங்கள். அகலமான முகம் உங்களைப் பார்க்கும்போது நிறைய வெளிச்சம் திரும்பி வரும். ஒடுங்கிய முகம் திரும்பும்போது குறையும். ஒரு முழுச் சுற்றுக்குள் அகலம், ஒடுக்கம், மறுபடி அகலம், மறுபடி ஒடுக்கம். இப்போது அந்தச் செங்கல் வெறும் புள்ளியாகத் தெரியும் தூரத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருவம் தெரியாது, ஆனால் வெளிச்சம் ஏறி இறங்குவது தெரியும். நேரத்தைக் கிடைக்கோட்டிலும் வெளிச்சத்தை நிலைக்கோட்டிலும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குறித்தால் கிடைப்பதுதான் ஒளிவளைவு.

விண்மீன்களின் வெளிச்சத்தைச் சொல்லும் அதே பொலிவெண்தான் இங்கும் அளவு. பக்கவாட்டில் பார்க்கும்போது நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு என்றால், உச்சிக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் சுமார் 0.75 பொலிவெண். மூன்று மடங்கு என்றால் 1.2. கிட்டத்தட்ட உருண்டையாக இருந்தால் 0.1-கூட வராது. இந்த வித்தியாசத்தை வீச்சு என்போம். நல்ல சிசிடி அல்லது சிமாஸ் கேமராவில் 0.02 வரை அளக்கலாம் என்பதால், பெரும்பாலான சிறுகோள்கள் நம் எல்லைக்குள் வந்துவிடுகின்றன.

முதன்முதலில் இப்படி வெளிச்சம் மாறுவது கண்டறியப்பட்டது ஈரோஸில். 1898-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் சிறுகோள் அடுத்த சில ஆண்டுகளிலேயே பூமிக்கு அருகே வந்தது. சூரியனின் தூரத்தைக் கணக்கிடுவதற்காக உலகமே அதன் இடத்தை அளந்துகொண்டிருந்தது. அப்போதுதான், 1901-இல், அதன் வெளிச்சம் சில மணி நேரத்துக்குள் ஏறி இறங்குவதை எகோன் ஃபான் ஒப்போல்சர் கவனித்தார். ஈரோஸின் சுழற்சிக் காலம் 5.27 மணி என்று இன்று தெரியும். நியர் ஷூமேக்கர் விண்கலம் 2000-இல் அதைச் சுற்றத் தொடங்கியபோது, ஏறத்தாழ 34 கி.மீ. நீளமும் 11 கி.மீ. அகலமும் கொண்ட வளைந்த பாறை ஒன்று படங்களில் தெரிந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு புள்ளியின் வெளிச்சம் சொன்னதும் அதைத்தான்: நீளமான கல்.

சரி, அளப்பது எப்படி? சிறுகோளும் சில விண்மீன்களும் ஒரே படத்தில் விழும்படி வைத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்று இரவு முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் சிறுகோளின் வெளிச்சத்தை அந்த விண்மீன்களோடு ஒப்பிடுகிறோம். மெல்லிய மேகம் கடந்தால் எல்லாமே சேர்ந்து மங்கும், வித்தியாசம் மாறாது. ஒப்பீட்டு விண்மீன்கள் சூரியனின் நிறத்துக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் சிறுகோள் திருப்பியனுப்புவது சூரிய ஒளிதான். ரொம்பச் சிவந்த விண்மீனை எடுத்துக்கொண்டால், அது அடிவானத்துக்கு இறங்கும்போது காற்றுமண்டலம் அதை ஒரு விதமாகவும் சிறுகோளை வேறு விதமாகவும் மங்கவைக்கும், வளைவில் இல்லாத சரிவு ஒன்று முளைக்கும். சிறுகோள் நகர்ந்துகொண்டே இருப்பதால் மங்கலான விண்மீன் ஒன்றின் மேலோ பக்கத்திலோ ஏறிப்போவதும் உண்டு. அந்த அரைமணி நேரப் புள்ளிகளைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். அது உச்சியைப் போலவே தோன்றி ஏமாற்றும்.

கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிபார்த்துக்கொள்வது மிக அவசியம். அப்புறம் ஒளி வந்துசேரும் நேரத்தைக் கழிக்க வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரத்தை ஒளி கடக்க 499 நொடி ஆகிறது. சில வாரங்களில் சிறுகோள் அதில் பத்தில் ஒரு பங்கு விலகிப்போனால், உச்சிகள் 50 நொடி தாமதமாக வந்து சேரும். திருத்தாமல் விட்டால் சுழற்சியே மாறியது போலிருக்கும்.

இனி எண்ணும் வேலை. ஈரோஸைப் போல 5.27 மணிச் சிறுகோள் ஒன்றை முதல் இரவில் ஏழு மணி நேரம் தொடர்ந்து பார்த்துவிட்டீர்கள், காலம் 3 நிமிடப் பிழையோடு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் உச்சி எப்போது வரும் என்ற கணிப்பு 3 நிமிடம் தவறலாம். பத்தாவது சுற்றில் 30 நிமிடம். இருபத்தாறாவது சுற்றில் ஏறத்தாழ 78 நிமிடம், அதாவது கால் சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு உச்சி இருப்பதால், கால் சுற்றுக்கு மேல் தவறினால் நீங்கள் பார்ப்பது எந்த உச்சி என்பதே குழம்பிவிடும். இருபத்தாறு சுற்று என்றால் ஆறு நாளுக்குள். ஆகவே இரண்டாவது இரவு அதற்கு முன் வந்தாக வேண்டும்.

மூன்று நாள் கழித்துப் பார்க்கிறீர்கள். இடையில் 14 சுற்று போயிருக்கிறது என்று ஐயமில்லாமல் சொல்ல முடிகிறது. உச்சியின் நேரத்தில் இருக்கும் அதே 3 நிமிடப் பிழை இப்போது 14 சுற்றுகளுக்குப் பங்கிடப்படுவதால், ஒரு சுற்றுக்கான பிழை 13 நொடியாகிவிடும். அந்தத் துல்லியத்தோடு இரண்டரை மாதம் வரை எண்ணிக்கை தவறாமல் முன்னே போகலாம். ஒரு மாதம் கழித்து மூன்றாவது முறை பார்க்கிறீர்கள்: 137 சுற்று, பிழை ஒன்றேகால் நொடி. கருவி மாறவில்லை, தொலைநோக்கி பெரிதாகவில்லை. எண்ணிக்கை நீண்டது, அவ்வளவுதான். நீங்கள் கேட்ட நொடிக் கணக்கு இப்படித்தான் கிடைக்கிறது. இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால், அதாவது முதல் இரவுக்குப் பிறகு நேராக ஒரு மாதம் கழித்துப் போனால், 136-ஆ 137-ஆ 138-ஆ என்று தெரியாது. மூன்றுக்கும் மூன்று விடை வரும், மூன்றுமே கிராஃபில் அழகாகப் பொருந்தும்.

இரவு பகல் மாறிமாறி வருவதே இதில் பெரிய கண்ணி. ஒரே இடத்திலிருந்து பார்ப்பவருக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஜன்னல் திறக்கிறது. தொடக்க காலத்தில் ஒரு சிறுகோளை மேகத்துக்கு நடுவே இரண்டு இரவு, மூன்று மூன்று மணி நேரம் பார்த்தேன். இரண்டு இரவும் ஒரே நேரத்தில் ஓர் உச்சி. 24 மணிக்குள் மூன்று சுற்று என்றால் 8 மணி, நான்கு என்றால் 6, ஐந்து என்றால் 4.8. உச்சியின் அகலத்தைப் பார்த்து 8 மணி என்று குறித்துவைத்தேன். உருவம் ஒழுங்கற்றது என்றால் உச்சியின் அகலத்தை நம்பக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான்காவது இரவில் வானம் சீக்கிரம் தெளிந்ததால் முன்னதாகவே தொடங்க முடிந்தது. வழக்கமான உச்சிக்கு மூன்று மணி நேரம் முன்பு, 8 மணிக் கணக்குப்படி வெளிச்சம் பாதி இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில், இன்னோர் உச்சி இருந்தது. 6 மணிதான் பொருந்தியது. அன்றிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு இரவு பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒருநாள் முன்னிரவு, மறுநாள் பின்னிரவு என்று மாற்றிப் பார்க்கிறேன்.

காலம் 12 மணிக்கோ 24 மணிக்கோ பக்கத்தில் இருந்தால் இதுவும் போதாது. எத்தனை இரவு பார்த்தாலும் அதே பகுதி மட்டும் திரும்பத் திரும்ப வரும். வேறு தீர்க்கரேகையில் இருப்பவர் ஒருவரின் உதவி வேண்டும். உங்களுக்கு விடியும்போது அவருக்கு இருட்டும், விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்வார். டெஸ் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. ஒரே பகுதியை ஏறக்குறைய 27 நாள் இடைவிடாமல் பார்க்க முடிவதால், தரையிலிருந்து பிடிக்க முடியாத மெதுவான சுழற்சிகள் அதில் நிறையக் கிடைக்கின்றன.

அடுத்த சிக்கல் பாதியா முழுதா என்பது. ஒரு சுற்றுக்கு இரண்டு உச்சி என்று சொன்னேன் இல்லையா, அது நீளமான கல்லுக்குப் பொருந்தும். வீச்சு 0.4-க்கு மேல் போனால் இரண்டு உச்சி என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே எதுவும் நடக்கலாம். வெஸ்டாவைப் பாருங்கள். ஓரளவு உருண்டை, ஆனால் ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் கருமை. அதன் வெளிச்சம் சுற்றுக்கு ஒருமுறைதான் ஏறி இறங்குகிறது. இரண்டு உச்சி இருந்தாக வேண்டும் என்று நினைத்தால் 10.68 மணி வரும், ஒன்றுதான் என்றால் 5.34. இந்த வாதம் நீண்ட காலம் நடந்தது, கடைசியில் 5.34 நின்றது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1998 கேஒய்26 என்ற குட்டிச் சிறுகோளின் கதை. 1998-இல் பூமியருகே வந்தபோது ரேடாரிலும் ஒளிவளைவிலும் அளந்து, சுமார் 30 மீட்டர் குறுக்களவு, 10.7 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றார்கள். ஜப்பானின் ஹயபுசா2 விண்கலம் 2031-இல் அங்கே போகப்போகிறது. அதற்கு முன் பெரிய தொலைநோக்கிகளால் மறுபடி அளந்து 2025-இல் வெளியிட்ட முடிவு: குறுக்களவு ஏறத்தாழ 11 மீட்டர்தான், சுழற்சிக் காலம் சுமார் 5.35 நிமிடம். பழைய எண்ணில் சரிபாதி. முதலில் அளந்தவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் இரண்டுமே பொருந்தின. ஆனால் விண்கலத்தை ஓட்டிப்போகிறவர்களுக்கு, இரண்டு மடங்கு வேகமாகச் சுழலும் கல் வேறொரு கல்தான். பாதியையும் இரட்டிப்பையும் சோதித்துவிட்டேன் என்ற வரி இல்லாத ஒளிவளைவு முடிவை நான் முழுதாக நம்புவதில்லை.

சில கற்கள் ஒரே அச்சில் சுழல்வதும் இல்லை. டௌட்டாட்டிஸ் என்ற சிறுகோள் 5.4 நாள், 7.3 நாள் என்ற இரண்டு அசைவுகள் கலந்து தள்ளாடிக்கொண்டே போகிறது. அதன் வளைவை எந்த ஒரு காலத்தில் மடித்தாலும், அதாவது அந்தக் கால நீளத் துண்டுகளாக வெட்டி அடுக்கினாலும், புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. 2017-இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்துபோன ஓமுவாமுவாவும் இந்த வகை. அதன் வீச்சு 2.5 பொலிவெண் வரை போனது. வெளிச்சம் பத்து மடங்கு ஏறி இறங்கியது என்று அர்த்தம். அது மிக நீண்டதாகவோ மிகத் தட்டையாகவோ இருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது அந்த ஒரு வளைவை வைத்துத்தான்.

அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் இதிலிருந்தே எடுக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். செங்கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் வீச்சு அதிகம். தலைக்கு மேலிருந்து அச்சு வழியாகப் பார்த்தால் எப்போதும் ஒரே முகம், வெளிச்சம் மாறாது. ஈரோஸின் வீச்சு சில சமயம் 1.5-ஐத் தொடுவதும் சில சமயம் மிகக் குறைவதும் இதனால்தான். சிறுகோளும் பூமியும் நகர நகர நாம் பார்க்கும் திசை மாறுவதால், நமக்குத் தெரியும் காலமும் உண்மைக் காலத்திலிருந்து நொடிக்கணக்கில் விலகும். நேர்ச்சுழற்சி (சூரியனைச் சுற்றும் அதே திசையில் சுழல்வது) என்றால் ஒரு பக்கம், எதிர்ச்சுழற்சி என்றால் மறுபக்கம். நான்கைந்து எதிரமைவுகளில் (சிறுகோள் நம் வானத்தில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரும் காலங்களில்), அதாவது சில ஆண்டுகள், எடுத்த வளைவுகளைச் சேர்த்தால் அச்சும் கிடைக்கும், ஓரளவு உருவமும் கிடைக்கும். சூரியன் நம் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கும்போது மட்டும் எடுத்த வளைவுகளை வைத்து உருவத்தைத் தீர்மானிக்க முடியாது என்று ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் 1906-லேயே காட்டிவிட்டார். பல திசைகளிலிருந்து எடுத்தால் முடியும் என்று மிக்கோ காசலைனென் 2001-இல் நடைமுறைக்கு ஏற்ற கணக்குமுறை தந்தார்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு காலத்தை அளந்து என்ன கிடைக்கிறது? ஒன்றை அளந்தால் அதிகம் இல்லை. ஆயிரக்கணக்கில் அளந்து, குறுக்களவுக்கு எதிராகக் குறித்தால் ஒரு சுவர் தெரியும். 200 மீட்டருக்கு மேல் உள்ள சிறுகோள்களில் கிட்டத்தட்ட எதுவும் 2.2 மணிக்கும் வேகமாகச் சுழல்வதில்லை. காரணம் எளிமையானது. நடுக்கோட்டில் கிடக்கும் ஒரு கல்லைச் சிறுகோளின் ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, சுழற்சி வெளியே வீசப் பார்க்கிறது. இரண்டையும் சமன்படுத்திக் கணக்குப் போட்டால் குறுக்களவு அடிபட்டுப்போய் அடர்த்தி மட்டும் மிஞ்சும்: அடர்த்தியின் வர்க்கமூலத்தால் 3.3 மணியை வகுக்க வேண்டும். அடர்த்தி நீரைப் போல் 2.2 மடங்கு என்றால் 2.2 மணி. அந்த எல்லையில் எல்லாரும் நிற்கிறார்கள் என்றால், அவை ஒரே பாறையாக இல்லாமல் ஈர்ப்பால் மட்டும் சேர்ந்திருக்கும் கற்குவியல்கள் என்பதே பொருத்தமான விளக்கம். பெட்ரு பிராவெட்ஸும் ஆலன் ஹாரிஸும் 2000-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். பின்னாளில் இட்டோகாவா, ரியுகு, பென்னு மூன்றுக்கும் விண்கலங்கள் போனபோது மூன்றுமே கற்குவியல்களாகத்தான் இருந்தன. 2001 ஓஇ84 போன்ற விதிவிலக்குகளும் உண்டு. அது அரைக் கிலோமீட்டருக்கு மேல் பெரியது, 29 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. உள்ளே ஏதோ பிணைப்பு இருந்தால்தான் அது சிதறாமல் இருக்க முடியும்.

எண்ணிக்கையை விடாமல் பிடித்தால் என்ன வரை போகலாம் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2000 பிஎச்5. அது 12.17 நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஆண்டுக்கு 43,000 சுற்றுக்கு மேல். சூரிய வெளிச்சத்தை வாங்கி வெப்பமாகத் திருப்பி விடும்போது, ஒழுங்கற்ற உருவம் கொண்ட கல்லுக்கு மிகச்சிறிய முறுக்கு கிடைக்கும், அதனால் சுழற்சி வேகம் மாறும் என்று கோட்பாடு சொல்லியிருந்தது. அதற்கு யோர்ப் விளைவு என்று பெயர். 2001 முதல் 2005 வரை ஒளிவளைவுகளைச் சேர்த்து எண்ணியபோது, இந்தச் சிறுகோளின் காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி குறைந்துவருவது தெரிந்தது. ஒரு மில்லிநொடியை யாரும் நேரடியாக அளக்கவில்லை. ஆயிரமாயிரம் சுற்றுகளில் அது சேர்ந்து சேர்ந்து, நான்கு ஆண்டில் கல் அரைச் சுற்றுக்கும் மேல் முந்திப் போயிருந்தது. முடிவு 2007-இல் வெளியானது, அந்தச் சிறுகோளுக்கே யோர்ப் என்று பெயர் வைத்தார்கள்.

2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் டிமார்ஃபோஸ் மீது மோதியது நினைவிருக்கும். அது டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றும் 150 மீட்டர் அளவுள்ள துணை. பூமியிலிருந்து இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளி. மோதலால் பாதை மாறியதா என்று சொன்னதும் முதன்மையாக இதே முறைதான். டிடிமோஸின் சொந்தச் சுழற்சியால் வரும் 2.26 மணி ஏற்றஇறக்கத்தைக் கழித்துவிட்டால், ஒன்றையொன்று மறைக்கும் நேரங்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள் மிஞ்சும். மோதலுக்கு முன் துணைக்கோள் ஒரு முறை சுற்றிவர 11 மணி 55 நிமிடம். பிறகு 11 மணி 23 நிமிடத்துக்குக் கிட்ட. 73 நொடி மாறினாலே வெற்றி என்று இலக்கு வைத்திருந்தார்கள், மாறியதோ அரைமணி நேரத்துக்கு மேல்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், முதலில் விடை தெரிந்த ஒன்றை எடுங்கள். யுனோமியா 6.08 மணி, லெட்டீஷியா 5.14, நைசா 6.42. மூன்றுமே சின்னத் தொலைநோக்கிக்கும் எட்டும் பொலிவு, நல்ல காட்சியில் வீச்சும் தாராளம். தெரிந்த எண்ணை மறைத்து வைத்துவிட்டு, உங்கள் புள்ளிகளிலிருந்து மட்டும் அதே எண் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் கடிகாரம், அல்லது பக்கத்தில் வந்த விண்மீன், அல்லது விட்டுப்போன ஒரு சுற்று. அது சரியாக வந்த பிறகு, காலம் தெரியாத சிறுகோளுக்குப் போகலாம். நிலவு குறுக்கே வராத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் நாள், இரண்டாம் நாள், ஐந்தாம் நாள் என்று மூன்று இரவை ஒதுக்குங்கள். இரண்டாம் இரவை முதல் இரவைவிட இரண்டு மணி நேரமாவது தள்ளித் தொடங்குங்கள். ஐந்தாம் நாள் மேகம் வந்தால் ஆறாம் நாள் போகலாம், அதற்கு மேல் தள்ளும் முன் முதல் இரண்டு இரவில் கிடைத்த பிழை அத்தனை சுற்றைத் தாங்குமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.